இரவில் கார் நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா? – மின்சாரக் கார் கேள்வி-பதில்

கேள்வி: தினமும் தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் போய் வருகிறேன். போக வர 60 கிலோமீட்டர். மின்சாரக் கார் தாங்குமா?

தாராளமாக. 30 கிலோவாட் ஹவர், அதாவது 30 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள கார், ஏசி ஓட, ஊருக்குள் 200 கிலோமீட்டர் வரை வரும். நெரிசல் இதற்குப் பகையே இல்லை. சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் குடிக்காது, வேகம் குறையும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்பவும் ஏறும். நீங்கள் கவலைப்பட வேண்டியது தூரத்தைப் பற்றி அல்ல, ராத்திரி கார் நிற்கும் இடத்தைப் பற்றி.

கேள்வி: வீட்டில் இருக்கிற 15 ஆம்பியர் பாயிண்டிலேயே சார்ஜ் போடலாமா?

போடலாம். மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 60 கிலோமீட்டர் ஓடிய காருக்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால் வயரைப் பாருங்கள். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும், கார் அப்படியில்லை. பேட்டரி காலியாக இருந்தால் விடிய விடிய இழுக்கும். கார் வாங்கிய புதிதில் பழைய வாஷிங் மெஷின் பாயிண்டில்தான் நானும் போட்டேன். ஒருநாள் அதிகாலை பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு கால் பழுப்பேறி, சாக்கெட்டின் துளை உருகிப் பிதுங்கியிருந்தது. அப்புறம் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் போட்டேன். அதன் பிறகு பிளக் சூடானதே இல்லை.

எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அதைச் சமாளிக்க நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் வந்துவிடும். தொடப்போவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

கேள்வி: அடுக்குமாடி வீடு. கீழே பார்க்கிங்கில் பாயிண்ட் இல்லை. வாங்கலாமா?

முதலில் பாயிண்ட், பிறகுதான் கார். உங்கள் மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்கு ஒரு லைன் இழுக்க முடியுமா என்று சங்கத்தில் பேசுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன, அதை எடுத்துக்காட்டுங்கள். தெருவில் நிறுத்துகிறவர் என்றால் இப்போதைக்கு வேண்டாம். வாரம் இரண்டு முறை ஃபாஸ்ட் சார்ஜர் தேடிப் போய்க் காத்திருப்பது சில மாதங்களில் அலுத்துவிடும்.

கேள்வி: செலவு உண்மையிலேயே குறைவா?

மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 170 யூனிட் ஆகும். கார் கணக்கு அதிகக் கட்டணமுள்ள மேல் ஸ்லாபில்தான் விழும் என்பதால் யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டாலும் 1,700 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 8,000 ரூபாய் பக்கம் வரும். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் மின்சாரக் காருக்குக் கொடுத்த கூடுதல் விலை திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். பெட்ரோலே போதும்.

கேள்வி: கோவையிலிருந்து ஊட்டி ஏறுமா?

ஏறும். கிளம்பும்போது முழு சார்ஜ் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்துக்கு மேல் சார்ஜ் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம், 30 கிலோவாட் ஹவர் பேட்டரியில் பாதியைக் கேட்கும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேட்டுப்பாளையம் வரும்வரை சார்ஜ் பெரிதாகக் குறையாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஊட்டியில் சார்ஜ் போட்டால் 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பேட்டரி நிரம்பி இருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் முழு பாரமும் பிரேக் மேல் விழும்.