நடுநீரில் நிற்கும் மீனைக் கருவியில்லாமல் தேடுவது: கேள்வி-பதில்

பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிப்பவர்கள் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கிராப்பி, புளூகில் என்ற வட அமெரிக்க நன்னீர் மீன்கள் ஏரித் தரையில் இல்லை, நடுநீரில் எங்கோ நிற்கின்றன. கையில் ஃபிளாஷரும் (ஒலியலையால் மீன் நிற்கும் ஆழத்தைக் காட்டும் கருவி) இல்லை, நீருக்கடியில் பார்க்கும் கேமராவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஏரியில் கிராப்பி எத்தனை அடியில் நிற்கும்?

ஏரியின் ஆழம் என்ன, எந்த மாதம், எந்த நேரத்தில் போகிறீர்கள்? கடிதத்தில் மூன்றுமே இல்லை. இவை தெரியாமல் யாரும் எண் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக ஒன்று சொல்லலாம்: 25 அடிப் பள்ளம் என்றால், பகலில் 12-லிருந்து 20 அடிக்குள் தேடுங்கள். அந்தி சாயும்போது இன்னும் மேலே தேடுங்கள். நுண்ணுயிர் இரை வெளிச்சம் குறையக் குறைய மேலே ஏறும், மீனும் அதன் பின்னால் வரும்.

கேள்வி: துளையின் ஆழத்தை அளப்பது எப்படி?

கொக்கியில் மாட்டிக் கழற்றும் ஆழம் பார்க்கும் ஈயத்தை இறக்குங்கள். தரை தட்டியதும் தூண்டில் நரம்பு தளரும். தளர்ச்சியை இழுத்துவிட்டு, நரம்பைக் கையால் பாகம் பாகமாக மேலே எடுத்து எண்ணுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. உங்கள் கைவிரிப்பு எத்தனை அடி என்று வீட்டிலேயே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளையிலும் முதல் வேலை இதுதான். இரை கோப்பது அதற்குப் பிறகு.

கேள்வி: பத்து நிமிடத்தில் மூன்று கிராப்பி அடுத்தடுத்துக் கிடைத்தன. அதன்பின் மாலைவரை ஒன்றுமில்லை. மீன் எங்கே போயிருக்கும்?

எங்கும் போகாமல் அங்கேயே நின்றிருக்கலாம். மூன்றும் எத்தனை அடியில் கடித்தன என்று நீங்கள் எழுதவே இல்லை. குறித்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு பருவமும் இப்படிக் கடிதங்கள் வருகின்றன. மீன் கடித்த சந்தோஷத்தில் கடகடவென்று ரீலைச் சுற்றி மேலே எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பிறகு தூண்டிலை உத்தேசமாக இறக்குகிறார்கள். மூன்று அடி தவறிக் கீழே போனாலே கிராப்பி தொடாது. அதன் கண்கள் மேல்நோக்கிப் பார்ப்பவை. தலைக்கு மேலே இருக்கும் இரைக்கு ஏறி வரும், காலடியில் கிடப்பதற்கு அநேகமாகக் குனியாது. மீனுக்குக் கீழே போகாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

கருவி இல்லாதவருக்கு எண்ணிக்கைதான் கருவி. 20 அடி என்று ஈயம் வைத்து அளந்த துளையில் உங்கள் ஜிக்கை (எடை வைத்த கொக்கி) இரையோடு இறக்கி, ஒரே சீராக எண்ணுங்கள். தரை தொட 25 எண்ணிக்கை ஆனால், ஐந்து எண்ணிக்கைக்கு 4 அடி. 'விநாடிக்கு ஓர் அடி' என்ற பொதுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரை பெரிதானால் ஜிக் மெதுவாக இறங்கும். ரீலில் சுருண்டு கிடந்த நரம்பும் வேகத்தைக் குறைக்கும், கோலின் வளையத்தில் உறைந்த பனியும் குறைக்கும். ஜிக்கை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

பிறகு மேலிருந்து தொடங்குங்கள். எட்டு எண்ணியதும் நிறுத்தி, லேசாக ஆட்டி, அரை நிமிடம் சும்மா விடுங்கள். கடி இல்லையா, இன்னும் இரண்டு எண்ணிக்கை இறக்குங்கள். இறங்கும் வழியிலேயே நரம்பு சட்டென்று நின்றாலோ, தரைக்கு முன்பே தளர்ந்தாலோ, மீன் இரையைத் தாங்கிக்கொண்டது என்று பொருள். உடனே சுண்டுங்கள், எந்த எண்ணில் நடந்தது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன எண் மறக்காது.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. நரம்பில் நூல் முடிச்சுப் போட்டு, அதன் கீழே நழுவும் தக்கையைக் கட்டுங்கள். மீனை எடுத்துவிட்டுத் திரும்ப இறக்கும்போது முடிச்சு தக்கையில் வந்து நிற்கும், ஜிக் அதே ஆழத்தில் தானாக நிற்கும். கடி நின்றுபோனால் முடிச்சை முதலில் ஜிக் பக்கமாக இரண்டு அடி நகர்த்தி, ஜிக்கை அந்த அளவு மேலே ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகு பக்கத்துத் துளை.

கேள்வி: தக்கை முழுகவில்லை, சாய்ந்து படுத்துக்கொள்கிறது. காற்றா?

காற்று இல்லை, மீன். கீழிருந்து ஏறி வந்து இரையைத் தூக்கிவிட்டது. சுண்டுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் அடிநீர்தானே வெதுவெதுப்பு? மீன் தரையில்தானே இருக்க வேண்டும்?

பாதி சரி. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி, அதனால் அது அடியில் தங்கும். பனிக்கட்டியை ஒட்டிய நீர் 0 டிகிரிக்கு அருகில் இருக்கும். ஆனால் அந்தச் சில டிகிரி மட்டும் மீனைக் கட்டிவைக்காது. இரை எங்கே, பிராணவாயு எங்கே என்பதும் உண்டு. பனி கனமாக மூடிய ஏரியில் வெளிச்சம் புகாது, செடிகள் பிராணவாயு தராது, தரையில் அழுகும் பொருள் இருப்பதையும் தின்றுவிடும். குளிர்காலத்தின் கடைசியில் பல ஏரிகளில் மீன் மேலே ஏறி நிற்பது இதனால்தான். பெர்ச் மட்டும் பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும், அதைத் தேடுபவர்கள் தரையிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: ஈய ஜிக்கா, டங்ஸ்டனா?

டங்ஸ்டன். அதே பருமனில் ஒன்றரை மடங்குக்கு மேல் எடை, நரம்பு நேராக நிற்கும், எண்ணிக்கை பிசகாது.

கேள்வி: வெவ்வேறு ஆழத்தில் நான்கைந்து தூண்டில் போட்டால் சீக்கிரம் தெரிந்துவிடுமே?

தெரியும், அபராதமும் வரும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பனிமேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில், விஸ்கான்சினில் மூன்று. ஒரு நரம்பில் எத்தனை கொக்கி என்பதற்கும் தனி விதி இருக்கும். உங்கள் மாநிலத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் மேலிருந்து, மற்றவர் நடுவிலிருந்து தேடலாம். பனிமேல் தனியாகப் போகக் கூடாது என்பதால் அதுவும் நல்லதே.

கேள்வி: 35 அடியிலிருந்து எடுத்த சின்னக் கிராப்பிகளைத் திரும்ப விட்டேன். துளையிலேயே மிதக்கின்றன. ஏன்?

ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதில் காற்றுப்பை உப்பிவிட்டது. அவற்றில் பல பிழைக்காது. 25-30 அடிக்குக் கீழே பொறுக்கி எடுத்து மற்றதை விடுவது என்ற பேச்சே வேண்டாம். வைத்துக்கொள்வதற்காகப் பிடியுங்கள், அனுமதித்த எண்ணிக்கை ஆனதும் நிறுத்துங்கள். விட்டு விளையாட விரும்பினால் ஆழம் குறைந்த இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: போன வாரம் மற்றவர்கள் நடந்த இடம்தான். மறுபடி தடிமன் பார்க்க வேண்டுமா?

வேண்டும். நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலம் தெளிந்த கட்டி. வெள்ளையாகப் பனி கலந்த கட்டிக்கு அதில் பாதி பலம்தான், அதனால் இரட்டிப்புத் தடிமன் தேவை. ஊற்றும் ஓடையும் உள்ள பக்கம் ஒரே வாரத்தில் மெலியும். கடப்பாரையால் முன்னே குத்திக்கொண்டே நடங்கள், கழுத்தில் பனிக்குத்தி (நீரில் விழுந்தால் கட்டியில் குத்திப் பிடித்து ஏறும் கூர்முனைகள்) தொங்கட்டும்.

கேள்வி: ஒரு துளையில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

மேலிருந்து தரைவரை ஒருமுறை தேடி முடிக்கும் நேரம், சுமார் பத்து நிமிடம். ஆழக்கோட்டு வரைபடத்தைப் பார்த்து, செடி முடியும் இடத்திலிருந்து பள்ளத்தின் நடுவரை வரிசையாகத் துளைகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மீன் வந்தபின் துளை போட்டால் சத்தத்தில் கூட்டம் கலையும். 6 அங்குலத் துளை போதும்.