எண்ணெய் நிறுவனங்கள் அறிந்தேதான் பருவநிலை மாற்றத்தை மறுத்தனவா?

ஆம் என்பதற்கு அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் சொந்த ஆவணங்களே சான்று. புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதால் சேரும் கரியமில வாயு புவியின் பருவநிலையைப் பாதிக்கக்கூடும் என்று அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977-இலேயே நிர்வாகத்திடம் விளக்கியிருந்தார். 1977 முதல் 2003 வரை அங்கு உருவான வெப்பநிலைக் கணிப்புகளை 2023-இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் 63 முதல் 83 விழுக்காடு வரை சரியாகப் பலித்திருந்ததைக் கண்டனர்.

இவ்வளவு தெரிந்திருந்தும், 1989-இல் உருவான உலகப் பருவநிலைக் கூட்டணி என்ற தொழில்துறை அமைப்பில் எக்ஸானும் சேர்ந்து, கரியமில வாயு உமிழ்வுக்கான கட்டுப்பாடுகளை எதிர்த்தது. எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் கூட்டிய குழு 1998-இல் வரைந்த செயல்திட்டமோ, பருவநிலை அறிவியலில் உள்ள ஐயப்பாடுகளைச் சாதாரணக் குடிமக்கள் 'புரிந்துகொள்ளும்போது' வெற்றி கிட்டும் என்றே எழுதிவைத்தது. அறிவியலைப் பொய்ப்பிக்க வேண்டியதில்லை, சந்தேகத்தை விதைத்தால் போதும் என்ற இந்தக் கணக்கு, சிகரெட் நிறுவனங்கள் முன்பே போட்டுப் பார்த்ததுதான்.

2001-இல் அமெரிக்க அதிபர் புஷ், உமிழ்வைக் குறைப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான கியோட்டோ உடன்படிக்கையை நிராகரித்தார். 'அம்முடிவில் உங்கள் கருத்துகளுக்கும் பங்குண்டு' என்று உலகப் பருவநிலைக் கூட்டணியினரிடம் சொல்வதற்கான குறிப்பு அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணங்களில் இருக்கிறது. ஆயினும் பழி முழுவதையும் எண்ணெய் நிறுவனங்களின் பணத்தின்மீதே போட்டுவிட முடியாது: வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத உடன்படிக்கை வேண்டாம் என்று 1997-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 95-0 என வாக்களித்ததில், வேலையிழப்பு குறித்த அச்சமும் கலந்திருந்தது.