வாசகர் கேள்வி: எதை விட்டுவிட்டு எதைச் சாப்பிட?

கேள்வி: எனக்கு 52 வயது, சுகர் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சைவம். அமெரிக்காவில் இருக்கும் மகன் ‘ஹோல் ஃபுட் பிளான்ட் பேஸ்டு டயட்’ (அதிகம் பதப்படுத்தாத தாவர உணவு மட்டும்) என்று ஆரம்பித்து பால், தயிர், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறான். தம்பியோ சோற்றைத் தொடாதே, முட்டையும் பனீரும் சாப்பிடு என்கிறான். இரண்டு பேருமே ஆராய்ச்சியில் இருக்கிறது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- மன்னார்குடி வாசகி

பதில்: இரண்டு பேருக்குமே ஆராய்ச்சி இருக்கிறது, அதுதான் சிக்கல். ஒரே ஆராய்ச்சியிலேயே இரண்டு பேரும் ஜெயிக்கலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் சுகர் இல்லாத 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த மாமிச உணவும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. தாவர உணவின்போது ஒரு நாளைக்குச் சுமார் 550 முதல் 700 கலோரி வரை குறைவாகவே உள்ளே போயிருக்கிறது, அதுவும் யாரும் பசியோடு இருக்காமல். உங்கள் மகன் கட்சிக்கு வெற்றி. ஆனால் சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறியதும் அதே தாவர உணவில்தான், அது தம்பி கட்சி.

ஆகவே யார் எந்த ஆராய்ச்சியைக் காட்டினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்குப் பதிலாக? பர்கரும் சோடாவுமாக இருந்த ஒருவர் அதை விட்டுவிட்டுப் பருப்பும் கீரையும் முழுத்தானியமும் சாப்பிட்டால் உடம்பு தேறத்தான் செய்யும். நீங்கள் எதை விடப் போகிறீர்கள்? முதல் சாதம் சாம்பாருக்கு, அடுத்தது ரசத்துக்கு, மூன்றாவது மோருக்கு, ஓரமாக ஒரு கரண்டி வாழைக்காய் வறுவல் என்று நம் பக்கத்துச் சாப்பாடு ஏற்கெனவே முக்கால்வாசி தாவர உணவுதான். அதில் மோரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் ஒரு பிடி சோறு போட்டுக்கொண்டால் மகன் சொன்னபடி நடந்ததாகவும் ஆகும், சுகரும் ஏறும்.

2025-ல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற சுகர் ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. இந்தியர் சாப்பாட்டில் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றி, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சுகர் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் என்று புரதத்துக்குக் கொடுத்தவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்தது. (இதுவும் கேட்டு, அளந்து, ஒப்பிட்டுப் பார்த்த கணிப்புதான், சோதனை இல்லை. நமக்குச் சாதகமாக வந்தாலும் அதைச் சொல்ல வேண்டும்.)

உணவு விஷயத்தில் ஏன் இத்தனை சண்டை என்றால், மனிதரைப் பத்து வருஷம் பூட்டிவைத்துச் சோறு போட முடியாது. 1905 வாக்கில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கலரிசி என்று பிரித்துக் கொடுத்தார். பச்சரிசிக்காரர்களில் பலருக்கு பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க அரிசி மட்டும் மாறியதால் விடை பளிச்சென்று வந்தது. இன்றைக்கு அப்படிச் செய்ய எவரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

தயிரைப் பயந்து நிறுத்த வேண்டாம். பால் குடித்தால் புற்றுநோய் வரும் என்று மகன் அனுப்பும் வீடியோக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் காலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் எலிச் சோதனை இருக்கும். அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சைக் கொடுத்த எலிகளுக்குப் பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசின் என்ற புரதத்தை ஊட்டிப் பார்த்தது. அங்கிருந்து உங்கள் மோர்ச் சொம்புக்கு வெகுதூரம்.

செய்ய வேண்டியது: ரசத்துக்குப் போடும் சாதத்தை நிறுத்திவிட்டு ரசத்தை அப்படியே குடியுங்கள், அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ கீரைக்கூட்டோ வரட்டும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்து எடுக்கும் ஊர் நம்முடையது. அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிடுவானேன்?

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: கூடாது. உங்கள் ஊர்ப்பக்கத்து நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டது பெரிய காரியம், தவிடு போகாத அரிசி நல்லதும்தான். ஆனால் அதுவும் சோறு, அளவு உண்டு. அப்புறம், சோற்றைச் சட்டென்று பாதியாக்கிவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சில மாத்திரைகளில் சுகர் இறங்கி மயக்கம் வரும். குறைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பால், தயிர், முட்டை எல்லாம் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன். பாதம் மரத்துப்போகிறது. நீராகாரம் குடித்தால் வைட்டமின் பி12 கிடைக்கும் என்கிறார்களே?
- கும்பகோணம் வாசகி

பதில்: நீராகாரத்தைக் குடியுங்கள், பி12-க்காக அதை நம்பாதீர்கள். செடியிலிருந்து நம்பகமாக பி12 கிடையாது, தாவர உணவை முழுமூச்சாக ஆதரிக்கும் டாக்டர்களே மாத்திரை போடத்தான் சொல்கிறார்கள். மெட்ஃபார்மின் வேறு நாள்பட்டால் அதைக் குறைக்கும். மரத்துப்போவது சுகராலும் வரும் என்பதால் ஊகித்துக்கொண்டு இருக்காமல் இந்த வாரமே ரத்தத்தில் பி12 பாருங்கள். கீரை நிறையச் சாப்பிடுகிறவர் என்றால் அதிலுள்ள ஃபோலேட் சத்தால் ரத்தசோகை தெரியாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம், ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.