இரண்டாவது திரையில் மட்டும் ஏன் இந்தக் குறை?

கேள்வி: திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் வேலைக்காக, 15.6 அங்குல மடிக்கணினியுடன் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். மடிக்கணினித் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. பெரிய திரையிலோ மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது. கறுப்பு நிறம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகிறது. நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பழைய மென்பொருளில் எழுத்துகள் மங்குகின்றன. கிராபிக்ஸ் டிரைவரை இரண்டு முறை நீக்கி நிறுவியும் பயனில்லை. மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மூன்று குறைகளும் ஒரே திரையில் தெரிவதால் ஒரே கோளாறுபோலத் தோன்றுகின்றனவே தவிர, மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. அதனால்தான் டிரைவரை மாற்றியும் தீரவில்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய திரையில் அந்த மென்பொருளைத் திறந்துவைத்து, விண்டோஸ் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால், இரு திரைகளும் ஒரே படமாகப் பதிவாகும். அதை மடிக்கணினித் திரையில் நூறு விழுக்காட்டு அளவில் வைத்துப் பாருங்கள். படத்திலும் குறை தெரிந்தால், கணினி வரைந்ததே அப்படித்தான் என்று பொருள். தெரியாவிட்டால், சரியாக வரையப்பட்ட படம் வெளியே போகும் வழியில் கெடுகிறது. உங்கள் விஷயத்தில் 'ழ'கரத்தின் வளைவு படத்திலும் மங்கியே இருக்கும், கறுப்பு மட்டும் நல்ல கறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

எழுத்து மங்குவதற்குக் காரணம் அளவுப் பெருக்கம், அதாவது எழுத்தையும் படங்களையும் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்கேலிங்' அமைப்பு. மடிக்கணினித் திரை 125 விழுக்காட்டிலும் 4கே திரை 150 விழுக்காட்டிலும் இருக்கும்போது, பழைய மென்பொருள் முதன்மைத் திரையின் அளவுக்கே எழுத்தை வரைந்து கொடுக்கிறது. விண்டோஸ் அதை ஒரு புகைப்படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுபோல இழுத்து அடுத்த திரையில் ஒட்டுகிறது. சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது பெருங்கேடு. 4கே திரையையே முதன்மைத் திரையாக்கி, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே தெளிந்துவிடும். தெளியாவிட்டால், அந்த மென்பொருளின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குச் சென்று, 'ஹை டிபிஐ' அமைப்பில் அளவுப் பெருக்கும் பொறுப்பை 'அப்ளிகேஷன்' என்று மாற்றலாம். அப்போது எழுத்து கூர்மையாகும்; ஆனால் மெனுக்கள் சிறுத்துப்போகக்கூடும்.

அம்பு விட்டுவிட்டு நகர்வதை டிஸ்பிளே அமைப்பில் உள்ள 'அட்வான்ஸ்ட் டிஸ்பிளே' பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளலாம். அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது: திரையில் படம் விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. இது முழு எச்டி திரையைப்போல நான்கு மடங்கு. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் மட்டுமே கடத்தும் என்பதால், முழு நிறத் தகவலுடன் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் அனுப்ப முடியும். 2013இல் வந்த 2.0 பதிப்பு 18 கிகாபிட் கடத்துவதால் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. மானிட்டர் புதிதாக இருந்தும் மடிக்கணினியின் போர்ட் பழையதாக இருந்தால், கேபிளை மாற்றிப் பயனில்லை. டைப்-சி போர்ட் திரைக்கும் படம் அனுப்பக்கூடியதா என்று மடிக்கணினியின் கையேட்டில் பாருங்கள். அப்படியானால் அதிலிருந்து டிஸ்பிளே போர்ட் கேபிள் போடுவதே சரியான தீர்வு. திரையின் புள்ளி அளவை 2560×1440க்குக் குறைத்தாலும் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் எழுத்து சற்று மழுங்கும் என்பதால், உங்கள் வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிறிய கறுப்புக்கு வருகிறேன். மானிட்டரைத் தொலைக்காட்சி என்று கருதி, கணினி நிற அளவை 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை அனுப்புகிறது. 16 என்று வருவதை மானிட்டர் அடர்சாம்பலாகக் காட்டுகிறது. இதை 'ஃபுல்' என்று மாற்ற வேண்டும். என்விடியா கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினி என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் தேடுவோம். பல மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ போர்ட் இன்டெல் சிப்போடு இணைந்திருப்பதால், அங்கே அந்த அமைப்பே இருக்காது. எந்தத் திரை எந்தச் சிப்போடு இணைந்துள்ளது என்பதை முன்சொன்ன 'அட்வான்ஸ்ட் டிஸ்பிளே' பக்கமே காட்டும். அந்தச் சிப்புக்குரிய மென்பொருளில் மாற்றுங்கள். அச்சுக்குப் போகும் நிறங்களைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்பவர் நீங்கள் என்பதால், இதைச் சரிசெய்யும்வரை புதிய அழைப்பிதழ்களின் நிறத்தை மடிக்கணினித் திரையில் பார்த்தே இறுதிசெய்யுங்கள்.

கேள்வி: பழைய மானிட்டரை விஜிஏ அடாப்டர் வழியாக இணைத்திருக்கிறேன். யூடியூப் ஓடுகிறது, கட்டணச் செயலியில் படம் போட்டால் ஒலி மட்டும் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது.
– ஒரு வாசகர்

பதில்: இது கிராபிக்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை. கட்டணப் படங்கள் பலவற்றுக்கு எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு உண்டு. மடிக்கணினி முதல் மானிட்டர் வரை வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் அதற்கு உடன்பட வேண்டும். விஜிஏ இணைப்பில் அதற்கு வழியே கிடையாது. மானிட்டரில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் அடாப்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணையுங்கள்; இல்லையென்றால் அந்தப் படங்களை மடிக்கணினித் திரையிலேயே பார்க்க வேண்டியதுதான்.