பெண் பிள்ளைக்கு இன்ஜினியரிங்மேல் ஆர்வம் வரவைப்பது எப்படி?

வியாசர்பாடி அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் மகள், "மிஷின் வேலையெல்லாம் பசங்களுக்குத்தான்" என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் எது ரிப்பேரானாலும் தம்பியை மட்டும் கூப்பிடுவதுதான் பாதிப் பிரச்சினை என்பேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு அதை மாற்றும்போது அவளைப் பக்கத்தில் நிற்கவையுங்கள். ஏன் மாற்றுகிறார், அது என்ன வேலை செய்கிறது என்று அவளே கேட்கட்டும்.

அப்புறம், இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவரான அ. லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். 1940களில் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்தார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பாதை வடிவமைப்பிலும் வேலை பார்த்தார்.

பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள குரூப் எடுக்கட்டும். இல்லையென்றால் பாலிடெக்னிக், தரமணியில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அதனால் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள், அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும்.