தலையில் நோய், நெஞ்சில் ஏன் ஸ்கேன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பேருந்து ஓட்டுகிறார், சர்க்கரை உண்டு. மூன்று மாதமாகத் தலைவலி, விடியற்காலையில் அதிகம். பலதுறை மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. இடது காது மந்தமாகி, இப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். எம்ஆர்ஐ அறிக்கையில் மூளை உறை தடித்திருப்பதாக எழுதியிருக்கிறது. இதற்கு மேலும் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு ஸ்கேன், முதுகில் நீர் எடுப்பது, தேவைப்பட்டால் பயாப்சி என்கிறார்கள். தலையில்தானே நோய், நெஞ்சை ஏன் பார்க்க வேண்டும்? திருச்சியிலுள்ள என் கொழுந்தன், "ஸ்டீராய்டு போட்டால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும், வாங்கி அனுப்புகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? – பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: கொழுந்தனிடம் அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. வெளியில் இருக்கும் கெட்டியான உறைக்கு டியூரா என்று பெயர். மூளைக்கு வலி தெரியாது, இந்த உறைக்குத் தெரியும். தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. கண்ணை அசைக்கும் நரம்பும் காது நரம்பும் இந்த உறையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போகின்றன. உறை தடித்தால் அவை நெருக்கப்படும். இரட்டைப் பார்வைக்கும் காது மந்தத்துக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பார்வை சரியாகி, மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை அவர் பேருந்து ஓட்டக் கூடாது. வீட்டுக் காரும்தான்.

"உறை தடித்திருக்கிறது" என்பது நோயின் பெயர் அல்ல. காசநோய், சிபிலிஸ், பூஞ்சைக் கிருமி, மூட்டுவாதம், ரத்தக்குழாய் அழற்சி, நிணநீர்ப் புற்று, வேறு இடத்திலிருந்து பரவிய புற்று எல்லாமே ஸ்கேனில் ஏறத்தாழ இதே மாதிரி தெரியக்கூடும். காடோலினியச் சாயம் ஏற்றினால் உறை பளிச்சென்று தெரியும், ஆனால் ஏன் தடித்தது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. ஐஜிஜி4 என்பது ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம். அது சார்ந்த நோய் என்று ஒன்றும் உண்டு. அந்தப் புரதம் சிலருக்குக் கணையத்தில் வரும் ஒருவகை அழற்சியில் கூடுவதை 2001-ல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டார்கள். அதே நோய் உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், மூளை உறை என்று பல இடங்களில் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு முன்பு இப்படி வந்தவர்களில் பலருக்குக் காரணம் தெரியவில்லை என்றே எழுதி வைத்தோம்.

இப்போது நெஞ்சுக்கு வருகிறேன். இந்த நோய்கள் பெரும்பாலும் தலையோடு நிற்பதில்லை. நெஞ்சிலோ, கழுத்திலோ, மூக்கிலோ ஒரு நெறிக்கட்டியோ வீக்கமோ கிடைத்தால் அங்கிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம், மண்டையைத் திறக்க வேண்டியிருக்காது. தலையைக் காப்பாற்றத்தான் நெஞ்சைப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தமும் பொருக்கும் வருகிறதா? தாடைக்குக் கீழே வலியில்லாத வீக்கம் உண்டா? எடை குறைகிறதா? அவருக்குச் சர்க்கரை இருப்பதால் காதில் சீழ் வடிந்ததா, தூங்கவிடாத காது வலி இருந்ததா என்பதும் முக்கியம். சர்க்கரைக்காரர்களுக்குக் காதில் தொடங்கும் கிருமி மண்டையோட்டின் அடி எலும்புக்குள் இறங்கி, அங்கிருந்து உறையையும் பிடித்துக்கொள்ளும். காது டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

முதுகில் நீர் எடுப்பதற்கு நம் ஆட்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். கால் விழுந்துவிடும் என்பார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே போகிறது. சில நாள் தலைவலி வரலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த நீரில் அழுத்தம், புரதம், அணுக்கள், டிபி கிருமி எல்லாம் பார்ப்பார்கள். டிபி கிருமி மெதுவாக வளர்வது, அந்த முடிவு வரச் சில வாரமாகும். இன்னொன்று: ரத்தத்தில் ஐஜிஜி4 அளவு சரியாக இருந்தாலும் அந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிலும் பிடிபடாவிட்டால்தான் பயாப்சி. மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டில் சிறிதாகத் திறந்து, சாயத்தில் பளிச்சென்ற இடத்திலிருந்து உறையில் ஒரு துண்டு எடுப்பார்கள். மூளையை வெட்ட மாட்டார்கள்.

சரி, ஸ்டீராய்டு. போட்டால் தலைவலி குறையும், கொழுந்தன் சொல்வது பொய்யில்லை. வம்பே அதில்தான் இருக்கிறது. நிணநீர்ப் புற்றும் கொஞ்ச நாள் சுருங்கிக் காட்டும், பயாப்சியில் பிடிபடாமல் போகும். டிபியாக இருந்தால், அதற்குரிய மருந்து இல்லாமல் வெறும் ஸ்டீராய்டு கிருமிக்கு வழிவிட்டது போலாகும். சர்க்கரையும் ஏறும். ஐஜிஜி4 என்று உறுதியானால் இதே ஸ்டீராய்டைத்தான் மருத்துவர் கொடுப்பார், மறைந்திருக்கும் டிபி, மஞ்சள் காமாலை பி இரண்டையும் சோதித்துவிட்டு. பார்வை மங்கத் தொடங்கினால் மட்டும் முடிவுகளுக்குக் காத்திராமல் உடனே ஆரம்பிப்பார்கள். அதனால் பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சலோடு பேச்சு குழறினாலோ சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள், அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

செலவு கவலையாக இருந்தால் மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: எனக்கு 34 வயது. உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சில நிமிடத்தில் போய்விடுகிறது. எனக்கும் ஸ்கேனில் உறை தடிப்பு. அதே நோயா? – வாசகி, கிளமெண்டி

பதில்: வேறு கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகில் எங்கோ கசிந்து அழுத்தம் குறைந்தாலும் உறை சீராகத் தடித்துத் தெரியும். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டீர்களா? இருந்தால் தேதியோடு சொல்லுங்கள். ஊசி போடாமலும் தானாகவே கசிவதுண்டு. ஓய்வு, நிறையத் தண்ணீர், காப்பி இவற்றில் அடங்காவிட்டால், உங்கள் ரத்தத்தையே முதுகில் ஏற்றிக் கசிவை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் "படுத்தால் போய்விடுகிறது" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.