ஆசிரியர் அறையில் மாற்றம் தொடங்குவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் புதிதாக ஒன்றைத் தொடங்குவது, ஆசிரியர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பதவி உயர்வில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இந்த ஜூனில் வந்திருக்கிறேன். செய்ய வேண்டியவை என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது ஐயா? (விழுப்புரம்)

நோட்டை ஆறு வாரத்துக்கு மூடி வையுங்கள். சேர்க்கை, புத்தக விநியோகம், எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு என்று ஜூனில் ஆசிரியர்களுக்கு நிமிர நேரம் இருக்காது. அப்போது எதை அறிவித்தாலும் 'இன்னொரு வேலை வந்துவிட்டது' என்றுதான் காதில் விழும்.

இந்த ஆறு வாரத்தில் ஒவ்வொரு ஆசிரியருடனும் இருபது நிமிடம் தனியாக உட்காருங்கள். உங்கள் அறையில் வேண்டாம். அவர் வகுப்பறையிலோ நூலகத்திலோ உட்காருங்கள். எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்விகள். இந்தப் பள்ளியில் எதை மாற்றவே கூடாது? உங்கள் நேரத்தை எது அதிகம் தின்கிறது? பிள்ளைகள் எந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்கிறார்கள்? சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே பதில் சொல்லாதீர்கள். முடிந்ததும் பெயர் இல்லாமல் தொகுத்து ஆசிரியர் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சின்ன விஷயங்களாக இருக்கும்: கேள்வித்தாள் நகல் எடுக்க வழியில்லை, பெண் ஆசிரியர்களின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, பதிலி வகுப்பு (வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போவது) எப்போதும் அதே நான்கு பேர் தலையில் விழுகிறது. இதில் இரண்டையாவது பதினைந்து நாளில் சரிசெய்துவிடுங்கள். பிறகு மூன்றாம் கேள்வியின் பதில்களிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை எடுங்கள். ஜூலைக் கடைசியில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் என்ன ஆனது என்று பார்த்துவிடலாம். ஐந்து மாற்றங்களை ஒன்றாக அறிவித்த பள்ளியில் தீபாவளிக்குள் ஐந்தும் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆசிரியர் கூட்டம் என்றால் எச்.எம். சுற்றறிக்கை வாசிப்பார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இதை மாற்ற முடியுமா? (உதவித் தலைமையாசிரியர், ஈரோடு)

முடியும். சுற்றறிக்கையை முதல் நாளே பதிவேட்டில் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கூட்டம் நாற்பது நிமிடம்தான். முதல் ஐந்து நிமிடம் போன கூட்டத்தின் முடிவுகள் என்ன ஆயின என்று பார்க்க, அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஒரே ஒரு கற்றல் பிரச்சினைக்கு, கடைசிப் பத்து நிமிடம் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுத.

நடுவில் உள்ள இருபத்தைந்து நிமிடத்துக்கு மேஜையில் பிள்ளைகளின் நோட்டுகள் இருக்க வேண்டும். வகுப்புக்கு மூன்று நோட்டு: நன்றாகச் செய்கிறவர், நடுத்தரம், பின்தங்கியவர். ஓர் உதாரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 302-லிருந்து 178-ஐக் கழித்து 276 என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். விடை 124. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகலாம். உற்றுப் பார்த்தால் அவள் ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள்: 3-ல் 1 போக 2, 7-ல் 0 போக 7, 8-ல் 2 போக 6. கடன் வாங்குவது என்றால் என்ன என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. தானே ஒரு விதியை உண்டாக்கி, பிசகாமல் அதைப் பின்பற்றுகிறாள். இந்த நோட்டை ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து பார்த்தால் பேச்சு தானாக வரும். 'என் வகுப்பிலும் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள்' என்று ஒருவர் சொல்வார். அங்கிருந்துதான் கூட்டு வேலை பிறக்கிறது. 'ஒற்றுமையாக இருங்கள்' என்று பத்து முறை சொன்னாலும் அது நடக்காது.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் மாணவர் பெயரையும் வகுப்புப் பிரிவையும் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேச்சு நேராக 'யார் சொல்லிக் கொடுத்தது' என்பதில் போய் நிற்கும்.

கேள்வி: எல்லாம் சரி, சேர்ந்து உட்கார நேரம் எங்கே இருக்கிறது? காலையில் சிறப்பு வகுப்பு, மாலையிலும் சிறப்பு வகுப்பு. (கணிதப் பட்டதாரி ஆசிரியை, கரூர்)

நேரத்தைக் கால அட்டவணையில்தான் தேட வேண்டும் மேடம். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்றால் வாரத்துக்கு 40. ஒருவருக்கு 28 பீரியட் இருந்தால் மீதி 12. உங்கள் பள்ளியின் மூன்று கணக்கு ஆசிரியர்களுக்கும் இந்த 12-ல் ஒன்றாவது ஒரே நேரத்தில் வருகிறதா? தானாக வராது. அட்டவணை போடுகிறவர் வகுப்புகளை நிரப்பிவிட்டு எஞ்சியதைத்தான் ஓய்வு பீரியடாகத் தருவார்.

வரிசையை மாற்றச் சொல்லுங்கள். வெற்று அட்டவணையில் முதலில் ஒவ்வொரு பாடக்குழுவுக்கும் ஒரு பொது பீரியடைக் குறிக்க வேண்டும். அடுத்து ஆய்வகத்துக்கான இரட்டை பீரியட்கள், அதற்கடுத்து விளையாட்டும் நூலகமும், கடைசியில்தான் மற்ற பாடங்கள். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தொடங்குங்கள்.

இது சாகிற இடம் பதிலி வகுப்பு. ஒருவர் சி.எல். (தற்செயல் விடுப்பு) எடுத்த அன்று 'அந்த மூணு பேரும் சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க' என்று ஒருவரைத் தூக்கி வகுப்புக்கு அனுப்புவார்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி நடந்தால் மூன்றாம் வாரம் யாரும் வர மாட்டார்கள். பதிலி வகுப்புப் பதிவேட்டில் அந்த பீரியடைச் சிவப்பில் கட்டம் கட்டி வையுங்கள். தலைமையாசிரியரே அந்த வகுப்புக்குப் போய் நின்றாலும் சரி, அதைத் தொடக் கூடாது.

கேள்வி: 25 வருட அனுபவமுள்ள மூத்த ஆசிரியர் ஒருவர், எதைச் சொன்னாலும் 'இதெல்லாம் நிறையப் பார்த்தாச்சு சார்' என்கிறார். மற்றவர்களும் அவர் பின்னால் போகிறார்கள். (நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், புதுக்கோட்டை)

அவர் சொல்வது பொய் இல்லையே! சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் தாங்களே படிக்கும் அட்டைகளையும், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியையும் அவர் கையாண்டிருப்பார். 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2018 முதல் பாடநூல்கள் மாறின. 2022-ல் சின்ன வகுப்புகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. ஒன்று வேரூன்றுவதற்குள் அடுத்தது வந்து நின்றதைப் பார்த்தவர் அவர். அந்தச் சலிப்பை 'எதிர்ப்பு' என்று பெயரிட்டு ஒதுக்கினால் பள்ளியின் நினைவையே ஒதுக்கியதாகும்.

முதலில் அவர் மறுப்பு எந்த வகை என்று பாருங்கள். 'இது பயன் தராது' என்ற சந்தேகம் ஒரு வகை. 'என்னால் இதையும் சேர்த்துச் சுமக்க முடியாது' என்ற பளு இன்னொரு வகை. 'என்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள்' என்ற மனத்தாங்கல் மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சந்தேகத்துக்கு ஒரு வகுப்பில் ஆறு வாரம் செய்து காட்டுவது. பளுவுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது பழையதில் ஒன்றை எடுத்துவிடுவது. இரண்டு பதிவேடுகளில் ஒரே தகவலை எழுதுகிறார் என்றால் ஒன்றை அன்றே நிறுத்துங்கள். மனத்தாங்கலுக்கு அறிவிப்பதற்கு முன்பே அவரிடம் போய், 'அட்டைகளை எல்லாரும் ஏன் கைவிட்டார்கள் ஐயா? நாம் எதில் தடுக்கி விழுவோம்?' என்று கேட்பது. அவர் சொல்வதில் ஒன்றையாவது திட்டத்தில் சேருங்கள். சேர்த்ததைக் கூட்டத்தில் அவர் பெயரோடு சொல்லுங்கள்.

கூட்டத்தில் அவரோடு வாதாட மட்டும் கூடாது. நீங்கள் ஜெயித்தால் அறையே அவர் பக்கம் போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சத்தை மட்டும் (உதாரணமாக மாதம் ஒரு பொதுத் தேர்வு, அதன் பிழைகளைப் பகிர்வது) அவரிடமும் கண்டிப்பாகக் கேளுங்கள். மீதியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. இருப்பதே இரண்டு பேர், அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப் போகவில்லை! (திருவண்ணாமலை)

இரண்டு பேர் பள்ளியில் சண்டை பாடத்தால் வருவது குறைவு. காலை உணவைப் பார்ப்பது, எமிஸில் வருகை பதிவது, வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்கும் போவது, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை எழுதுவது, சாவி வைத்திருப்பது என எழுதப்படாத வேலைகளில்தான் முட்டிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள், சின்னதையும் விடாமல். பெரும்பாலும் இருபதைத் தாண்டும். எதற்கு யார் என்று பெயர் போட்டு, அலைச்சலான வேலைகளைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். தாள் சுவரில் இருக்கட்டும்.

பாடத்தில் சேர்வதற்கு ஒரு வழி உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரியும். தினமும் நாற்பது நிமிடம் வாசிப்புக்கு மட்டும் இந்தப் பிரிவை ஐந்தாம் வகுப்பு வரை நீட்டுங்கள். எழுத்து தெரியாதவர்கள், சொல் படிப்பவர்கள் எல்லாரும் ஒருவரிடம். பத்தி படிப்பவர்கள் இன்னொருவரிடம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி இடம் மாற்றுங்கள். மாற்றும்போது இருவரும் பேசித்தான் ஆக வேண்டும். 'உங்கள் பிள்ளை, என் பிள்ளை' என்பது மெல்லக் குறையும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், கூசிப் போவான். கதை அட்டையோ செய்தித்தாள் துண்டோ கொடுங்கள்.

கேள்வி: ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். (மேல்நிலைப் பள்ளி, தஞ்சாவூர்)

பயம் நியாயம்தான். இதுவரை வகுப்பைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குறை எழுதத்தானே வந்தார்கள்.

முதல் வகுப்பை நீங்கள் எடுங்கள் சார், ஆசிரியர்கள் வந்து பார்க்கட்டும். சிரமமான பாடத்தை எடுங்கள். தயார் செய்து பளபளப்பாக்கிய வகுப்பு யாருக்கும் உதவாது. பார்க்கிறவர் பக்கவாட்டில் உட்கார்ந்து மூன்று மாணவர்களை மட்டும் கவனிக்க வேண்டும், ஆசிரியரை அல்ல. அவர்கள் எப்போது தாங்களே எழுதினார்கள், எப்போது பலகையைப் பார்த்து நகல் எடுத்தார்கள், கேள்வி அவர்கள் பக்கம் வந்ததா, கேட்டபின் யோசிக்க மூன்று விநாடியாவது கிடைத்ததா. இருபது நிமிடம் போதும். அன்றே பதினைந்து நிமிடம் பேச்சு. வகுப்பு எடுத்தவர் முதலில் பேச வேண்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு சேர்ந்து அதைத் திருத்துகிறார்கள். 'நம் பாடம்' என்று ஆகிவிட்டால் குறை ஒருவர் தலையில் விழாது. குறிப்புகள் நடத்தியவரிடமே இருக்கட்டும். அலுவலர் பார்க்கும் பதிவேட்டில் ஒரு வரி ஏறினாலும் அத்தோடு முடிந்தது.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவால்தான் எங்கள் பள்ளியில் பாதி மனக்கசப்பு. (திருப்பூர்)

அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் தலைமையாசிரியர் மட்டும் பதிவிடலாம். பாடப் பொருள்களுக்கு இன்னொன்று. இரவு ஏழுக்கு மேல் செய்தி வேண்டாம். தாமதம், விடுப்பு, நிலுவை வேலை பற்றி யார் பெயரும் குழுவில் வரக் கூடாது. அது நேரில் பேச வேண்டியது.

கேள்வி: தனியார் மெட்ரிக் பள்ளி. நூற்றுக்கு நூறு எடுக்க வைக்கும் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தருகிறோம். ஆனாலும் யாரும் நோட்ஸைப் பகிர்வதில்லை. (முதல்வர், நாமக்கல்)

ஊக்கத்தொகைதான் காரணம். 'ஏ' பிரிவு ஆசிரியைக்குப் பணம் கிடைப்பது 'பி' பிரிவை முந்தினால்தான் என்றால், தன் வினா வங்கியை அவர் ஏன் கொடுப்பார்? அடுத்த ஆண்டிலிருந்து தொகையை வகுப்பு முழுமைக்கும் அந்தப் பாடக்குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அளவுகோலை நூறு எடுத்தவர் எண்ணிக்கையிலிருந்து, ஐம்பதுக்குக் கீழ் இருந்து மேலே வந்தவர் எண்ணிக்கைக்கு மாற்றுங்கள். நன்றாகப் படிப்பவர்களை ஒரே பிரிவில் அடுக்குவதையும் நிறுத்துங்கள். பகிரும் ஒவ்வொரு தாளிலும் தயாரித்தவர் பெயர் இருக்கட்டும். நிர்வாகத்துக்கு இதைச் சொல்லத் துணிவு வேண்டும்தான், ஆனால் இதைத் தொடாமல் மற்றதைச் செய்து பயன் இல்லை.

கேள்வி: நான் சாதாரண ஆசிரியை, எச்.எம்.முக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்? (தென்காசி)

அதே வகுப்பின் மற்றொரு பிரிவை எடுக்கும் ஒருவரைப் பிடியுங்கள் டீச்சர், ஒருவர் போதும். ஒரே ஒரு பாடத்துக்கு இருவரும் சேர்ந்து பதினைந்து மதிப்பெண் தேர்வு ஒன்றைத் தயாரியுங்கள். விடைத்தாள்களை மாற்றித் திருத்துங்கள். எந்த வினாவில் யார் பிரிவு நன்றாகச் செய்தது என்று பாருங்கள். அந்த வினாவை அவர் எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். இதற்கு அனுமதி தேவைப்படாது, ஆனாலும் எச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முகநூலில் போடுவதற்கு முன் அவருக்கு விடைத்தாளைக் காட்டுங்கள். வெளியிலிருந்து கேள்விப்பட்டால் ஆர்வம் இல்லாதவர் எதிர்ப்பாளராக மாறிவிடுவார்.

கேள்வி: நேற்றுவரை சக ஆசிரியர், இன்று அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர். நண்பர்களை எப்படிக் கையாள்வது? (சிவகங்கை)

அழைக்கும் முறையை மாற்ற வேண்டாம். பர்மிஷன், சி.எல்., பதிலி வகுப்பு மூன்றிலும் நெருங்கிய நண்பருக்கு முதல் மாதமே மற்றவர்களுக்கான அதே விதி. எல்லாரும் கவனிப்பது அதைத்தான்.

கேள்வி: நான் மாறுதலில் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே? (விருதுநகர்)

உங்கள் ஒருவரை நம்பி இருந்தால் ஆகிவிடும். போவதற்கு ஒரு வருடம் முன்பே சில வேலைகள் செய்யலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். பாடக்குழுக் கூட்டத்தை நீங்கள் நடத்தாதீர்கள், மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டு மட்டும் உட்காருங்கள். மாற்றத்தைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அங்கே பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்து வருகிறவர் எதையாவது நிறுத்தினால் காரணம் கேட்க அவர்கள் இருப்பார்கள்.

புதியவருக்கு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: என்ன செய்கிறோம், ஏன் தொடங்கினோம், எதைச் செய்து பார்த்துக் கைவிட்டோம். பொது பீரியட் குறித்த கால அட்டவணையையும் அதோடு இணைத்துவிடுங்கள். புதியவர் வந்ததும் முதலில் கைவைப்பது அதில்தான்.